கொடி இறக்கிய மறுநாளும் மண்டபம் திறந்திருக்கட்டும்

டர்பன் வட்டாரத்துக் கோயில் கமிட்டிகளுக்கும் தமிழ்ப் பள்ளிக் குழுக்களுக்கும் குருக்கள்மாருக்கும் ஒரு திறந்த மடல்

தலைவர் ஐயா, செயலாளர் அண்ணா, கமிட்டியில் இருக்கும் அக்காமார் எல்லாருக்கும் வணக்கம்.

என்னை உங்களில் பலருக்குத் தெரியும். சனிக்கிழமை காலையில் உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அ, ஆ எழுதப் பழக்குகிற டீச்சர். 1996இல் கல்யாணமாகி, கும்பகோணத்துப் பக்கமிருந்து தென்னாப்பிரிக்காவுக்கு, இந்த டர்பன் சாட்ஸ்வொர்த்துக்கு வந்தேன். வந்த புதிதில் யாரையும் தெரியாது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனால் நாலு பேர் "சாப்பிட்டியாம்மா" என்று கேட்பார்கள். அது போதும், அந்த வாரம் ஓடிவிடும். இத்தனை வருஷத்தில் அந்த மண்டபத்தில் பூக் கட்டியிருக்கிறேன், அம்மனுக்குக் கூழ் படைக்கிற கூழ் பிரேயருக்கு மாவு கரைத்திருக்கிறேன், 2022 ஏப்ரல் வெள்ளத்தின்போது இரண்டு ராத்திரி உட்கார்ந்து வெங்காயம் உரித்திருக்கிறேன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். கமிட்டியில் பாதிப் பேருக்கு இங்கிலீஷில் படிப்பதுதான் சுலபம் என்று தெரியும். ஒரு இங்கிலீஷ் பிரதியைச் செயலாளர் கையில் தந்துவிடுகிறேன். ஆனால் மகளைப் பற்றி எழுத எனக்குத் தமிழ்தான் வருகிறது.

என் மகளுக்கு எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு இருக்கிறது. ஆஸ்பத்திரிச் சீட்டில் பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸார்டர் என்று இருக்கும். அவளுடைய இருபத்தோரு வயதில்தான் எங்களுக்கு அந்தப் பெயர் தெரிந்தது. அதற்கு முன்னால் ஆறு வருஷம் பெயர் தெரியாமலே அதோடு குடித்தனம் நடத்தினோம். இதை எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன். ஒரு நாள் முழுக்க வைத்துப் படித்தாள், இரண்டு பத்தியைக் கோடு போட்டு அடித்தாள், அப்புறம் "மிச்சத்தைப் போடும்மா" என்றாள்.

நான் கேட்கப்போவது பெரிய காரியம் இல்லை. வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் இரண்டரை மணி நேரத்துக்கு மண்டபத்தைக் கொடுங்கள். எதற்கு என்று சொல்வதற்கு ஒரு தைப்பூசத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அந்த வருஷம் மகள் காவடி எடுத்தாள். கொடியேறிய நாளிலிருந்து பத்து நாளும் வீட்டில் ஒரு கதவு அறைந்து சாத்தப்படவில்லை. காலையில் எழுந்து குளிப்பாள். விரதச் சாப்பாடு. சாயங்காலம் ஆறு மணிக்கு மண்டபம். அதே பாய், பக்கத்தில் அதே இரண்டு அத்தைமார், அதே பாட்டு, முடிந்ததும் அதே சுண்டல். வீட்டுக்கு வந்து படுத்தால் தூங்கிவிடுவாள். அவள் தூங்குகிற முகத்தைப் பார்த்து எத்தனை மாதம் ஆகியிருந்தது! முருகன் கண் திறந்துவிட்டான் என்றே நினைத்தேன். தைப்பூசத்தன்று மஞ்சள் சேலையில் பால்குடத்தைப் பின்னால் நான் தூக்கிவர, அவள் காவடியோடு நடந்தாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. கொடி இறக்கினார்கள். மறுநாள் மண்டபத்தைக் கழுவிப் பூட்டினார்கள். அன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் குளித்து, நெற்றியில் விபூதி வைத்து, செருப்பைப் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். போக இடமில்லை. அந்த வாரம் முடிவதற்குள் நாங்கள் ஆஸ்பத்திரி எமர்ஜென்சியில் இருந்தோம்.

அந்தப் பத்து நாளில் அவளைத் தாங்கியது எது என்று எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. விரதத்தை நான் மருந்தாகச் சொல்லவில்லை. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் விரதம் இருக்கவே கூடாது. மணி தவறாத ஒரு ஒழுங்கு, மாறாத முகங்கள், "நாளைக்கும் வந்துடு" என்று சொல்ல ஒரு ஆள். இந்த நோய்க்கு வைத்தியம் பார்க்கிறவர்கள் கேட்பதும் பெரும்பாலும் இவைதான். அவர்கள் கேட்பது பத்து நாளுக்கு இல்லை, ஒரு வருஷத்துக்கு.

முதலில் இது என்ன நோய் என்று சொல்லிவிடுகிறேன். நம்மில் பலர் இதைக் குணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். மற்றவர்களுக்குச் சுருக்கென்று தைப்பது இவர்களுக்குக் கொதிக்கிற எண்ணெய் பட்டதுபோல் இருக்கும். பட்ட எரிச்சல் ஆறவும் நேரமாகும். தன்னை விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம், இன்றைக்குத் தெய்வமாகத் தெரிந்தவர் நாளைக்குத் துரோகியாகத் தெரிவது, தான் யார் என்றே பிடிபடாத ஒரு வெறுமை, அடக்க முடியாத கோபம், தன்னையே காயப்படுத்திக்கொள்வது, செத்துப்போகலாம் என்ற நினைப்பு. டாக்டர்களின் கையேட்டில் இப்படி ஒன்பது அடையாளங்கள் இருக்கின்றன. அதில் குறைந்தது ஐந்து இருந்தால்தான் இந்தப் பெயரை வைப்பார்கள். 1938இல் நியூயார்க்கில் அடால்ஃப் ஸ்டெர்ன் என்ற டாக்டர், அன்றைக்கு இருந்த இரண்டு பெரிய நோய்ப் பிரிவுகளில் எதிலும் அடங்காமல் எல்லையில் நின்றவர்களைப் பற்றி எழுதியதிலிருந்து இந்த 'எல்லைக்கோடு' ஒட்டிக்கொண்டது. கையேட்டில் முறைப்படி ஏறியது 1980இல். பெயர் எனக்குப் பிடிக்கவில்லை. 'ஆளுமைக் கோளாறு' என்றால் ஆளே கோளாறு என்றுதான் கேட்பவர் காதில் விழுகிறது.

ஒரு நாள் பள்ளியில் பரீட்சை நடந்தது. போனை அணைத்துப் பைக்குள் வைத்திருந்தேன். ஒன்றரை மணி நேரம். எடுத்துப் பார்த்தால் பதினேழு அழைப்பு. அதன் கீழே செய்திகள். முதல் செய்தி, "அம்மா பிஸியா?" நடுவில் ஒன்று, "உங்களுக்கும் நான் பாரம்தான், தெரியும்." கடைசிக்கு முந்தையது, "இனிமே கூப்பிட மாட்டேன்." கடைசிச் செய்தி, "ஸாரிம்மா. வரும்போது பால் வாங்கிட்டு வாங்க." ஒன்றரை மணி நேரத்துக்குள் அவள் ஒரு சாவு வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறாள். அன்றைக்கு நான் வீட்டுக்குப் போய்ச் சொன்னது என்ன தெரியுமா? "இதுக்கெல்லாமா இப்படிப் பண்ணுவாங்க?" அந்த வார்த்தைக்காக இன்றைக்கும் வருந்துகிறேன்.

வளர்ப்பு சரியில்லை என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். நானே நம்பினேன். பிறகு படித்துத் தெரிந்துகொண்டது இது: பிறவியிலேயே உணர்ச்சி சீக்கிரம் பற்றிக்கொள்கிற உடம்பு ஒரு பக்கம், அந்த வலியைப் பொய் என்று சொல்கிற சூழல் இன்னொரு பக்கம், இரண்டும் உரசி உரசி வருகிறது இது. பலருக்குச் சின்ன வயதில் பட்ட பெரிய அடியும் சேர்ந்திருக்கும். எல்லாருக்கும் இல்லை. ஸ்வீடனில் லட்சக்கணக்கானவர்களின் குடும்ப விவரங்களை வைத்துச் செய்த ஆய்வில், இந்த நோய் வருவதில் 46 சதவீதம் பரம்பரையின் பங்கு என்று கணக்கிட்டார்கள். அதனால் தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில் அர்த்தமில்லை. பிள்ளையை ஏற்றுவதிலும் இல்லை.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எடுத்த கணக்குகள் நூற்றுக்கு ஒருவர் இருவருக்கு இது இருக்கும் என்கின்றன. அப்படியென்றால் ஆயிரம் பேர் கூடுகிற ஒரு காவடியில் பத்திலிருந்து இருபது பேர் இருப்பார்கள். பெண்பிள்ளையாக இருந்தால் 'நாடகக்காரி', ஆண்பிள்ளையாக இருந்தால் 'கோபக்காரன்', 'குடிகாரன்'. ஆண்களுக்கு இந்தப் பெயர்கூடக் கிடைப்பதில்லை, பல நேரம் போலீஸ் ஸ்டேஷனில் போய் முடிகிறது.

நாடகம் என்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு எட்டிலிருந்து பத்துப் பேர் தற்கொலையில் இறப்பதாகப் பழைய ஆய்வுகள் சொல்லின. வைத்தியத்தோடு தொடர்பில் இருந்தவர்களை 24 வருஷம் பின்தொடர்ந்த ஒரு ஆய்வில் அது ஆறு பேர் அளவுக்கு இருந்தது. ஒரு ஆஸ்பத்திரியில், எது என்று சொல்லப்போவதில்லை, என் மகளின் காது கேட்கவே ஒரு நர்ஸ் இன்னொருவரிடம் "இவளா, மறுபடியும் வந்துட்டாளா, பார்டர்லைன்தானே" என்றார். அதற்கு அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்று மகள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சரி, இனி நல்ல செய்தி. இது ஆறுகிற நோய். இதை எங்களுக்கு யாருமே முதலில் சொல்லவில்லை. பாஸ்டனுக்குப் பக்கத்தில் மக்லீன் மருத்துவமனை இருக்கிறது. அங்கே மேரி ஜனாரினி என்பவரின் குழு 1992இல் தொடங்கி, இந்த நோய்க்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்த 290 பேரை வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்தது. பத்து வருஷத்துக்குள் 93 சதவீதம் பேருக்கு நோயின் அடையாளங்கள் தணிந்து, குறைந்தது இரண்டு வருஷமாவது தலைதூக்காமல் இருந்தன. முதன்முறை படித்தபோது தப்பாகப் படித்துவிட்டேனோ என்று என் வீட்டுக்காரரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன்.

ஆனால் அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் உண்டு. அடையாளங்கள் தணிந்ததோடு, ஒரு வேலை, மனசுவிட்டுப் பழக ஓரிருவர் என்று வாழ்க்கையும் நேரானவர்கள் பாதிப் பேர்தான். மீதிப் பேருக்கு நோய் அடங்கியது, ஆனால் சேர்ந்து இருக்க ஆளில்லை, போக இடமில்லை. இந்தக் கணக்குதான் என்னை உங்களுக்கு எழுத வைத்தது. டாக்டர் மாத்திரை எழுதித் தரலாம், சைக்காலஜிஸ்ட் பேசலாம். சேர்ந்து உட்கார நாலு பேரை எந்த மருந்துக்கடையில் வாங்குவது?

வைத்தியம் என்று பார்த்தால், இந்த நோய்க்கென்று அங்கீகாரம் பெற்ற மாத்திரை எதுவும் கிடையாது. கூடவே மனச்சோர்வு இருந்தால் அதற்கு மாத்திரை உண்டு, அதை டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. ஆனால் இந்த நோயைப் பிடிப்பது பேச்சும் பயிற்சியும்தான். அதில் நிறைய ஆராயப்பட்டது டி.பி.டி. எனப்படும் டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் மார்ஷா லினஹன் என்பவர் உருவாக்கியது. 1991இல் அவர் வெளியிட்ட ஆய்வில், இந்தச் சிகிச்சை பெற்ற பெண்கள் தங்களைக் காயப்படுத்திக்கொள்வது குறைந்தது, ஆஸ்பத்திரியில் கழித்த நாட்களும் குறைந்தன. அதைவிட என்னைத் தொட்டது, அவரே பதினேழு வயதில் மனநல ஆஸ்பத்திரியில் அடைபட்டுக் கிடந்தவர். 2011இல் அதே ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போய், கூடியிருந்தவர்கள் முன்னால் அதைச் சொன்னார். என் மகள் இதைக் கேட்டு, "அப்ப அவங்களுக்குத் தெரிஞ்சுதான் பேசுறாங்க" என்றாள். அதற்கப்புறம்தான் வகுப்புக்குப் போகச் சம்மதித்தாள்.

வகுப்பு என்றே சொல்கிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே வகுப்புதான். வாரம் ஒரு தடவை தனியாக ஒருவரிடம் பேசுவது ஒரு பக்கம். அதோடு வாரம் ஒரு தடவை, இரண்டு இரண்டரை மணி நேரம், எட்டுப் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து திறன்களைக் கற்றுக்கொள்வார்கள். நோட்டுப் புத்தகம், வீட்டுப்பாடம், போன வாரம் என்ன செய்தாய் என்ற கேள்வி. நடப்பதை நடப்பதாகப் பார்ப்பது, நெருக்கடியை இன்னும் மோசமாக்காமல் கடப்பது, உணர்ச்சியைக் கையாள்வது, மனிதர்களிடம் கேட்கவும் மறுக்கவும் தெரிந்துகொள்வது என்று நாலு பாடம். ஒரு சுற்று முடிய 24 வாரம். வழக்கமாக இரண்டு சுற்று, அதாவது ஒரு வருஷம். முப்பது வருஷமாகப் பாடம் நடத்துகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், இவ்வளவு நல்ல பாடத்திட்டத்தை நான் பார்த்ததில்லை.

அதில் ஒரு பாடத்தை என் சமையலறையில் பார்த்தேன். ராத்திரி பதினொன்றரை மணி. மகளுக்கு மூச்சு வாங்குகிறது, கை நடுங்குகிறது, கண் எங்கேயோ நிலைகுத்தி நிற்கிறது. முன்பெல்லாம் நான் அழுவேன், வீட்டுக்காரர் கத்துவார். அன்றைக்கு அவளே எழுந்து, பிரிட்ஜைத் திறந்து ஐஸ் தட்டை எடுத்து, பொங்கல் வைக்கிற எவர்சில்வர் சட்டியில் உதறிக் கொட்டித் தண்ணீர் ஊற்றினாள். முடியை அள்ளி முடிந்தாள். மூச்சை அடக்கி முகத்தை அதில் அமிழ்த்தினாள். நான் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். முப்பது. தலையைத் தூக்கி மூச்சு விட்டாள். மறுபடி ஒருமுறை. குளிர்ந்த தண்ணீர் முகத்தில் பட்டு மூச்சும் அடங்கும்போது இதயத் துடிப்பு தானாகத் தாழும், தண்ணீருக்குள் முங்குகிற பிராணிகளுக்கு இருக்கிற அதே அனிச்சை நமக்கும் உண்டு. இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் செய்யக் கூடாது. இரண்டாவது முறை தலை தூக்கியபோது மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் சொட்ட என்னைப் பார்த்து, "இப்ப பேசலாம்மா" என்றாள். சட்டியில் ஐஸ் கரைந்து முடியும்வரை பேசிக்கொண்டிருந்தோம். மின்வெட்டு அடிக்கடி இருந்த நாட்களில் ஐஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் படுப்பேன்.

ஆனால் இந்த வகுப்பு எங்கே நடக்கிறது? எங்கள் வீட்டிலிருந்து இரண்டு டாக்ஸி மாறிப் போகிற தூரத்தில், தனியார் கிளினிக்கில். ஒரு மாதக் கட்டணம் என் சம்பளத்தில் பாதி. மெடிக்கல் எய்ட் என்கிற மருத்துவக் காப்பீடு இருக்கிறதே என்பீர்கள். முதலில், இந்த நாட்டில் ஆறு பேரில் ஒருவருக்குத்தான் ஏறத்தாழ அது இருக்கிறது. இருப்பவர்களுக்கும், 1998ஆம் ஆண்டின் மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டத்தின் கீழ் கட்டாயம் கொடுத்தாக வேண்டிய குறைந்தபட்சச் சலுகைகள் என்று ஒரு பட்டியல் உண்டு. மனச்சிதைவும் இருமுனைக் கோளாறும் அதில் நாள்பட்ட நோய்களாக இருக்கின்றன. ஆளுமைக் கோளாறு இல்லை. தற்கொலைக்கு முயன்றால் மூன்று நாள் ஆஸ்பத்திரி அல்லது ஆறு தடவை வெளிநோயாளியாகப் பார்ப்பது உண்டு. அந்த நிலைக்குப் போகாமல் தடுக்கிற ஒரு வருஷ வகுப்புக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. இதை மாற்றக் கேட்டு எழுத வேண்டிய இடத்துக்குத் தனியாக எழுதிக்கொண்டிருக்கிறேன். அது நடக்க வருஷங்கள் ஆகும். மண்டபச் சாவி உங்கள் கையில் இன்றைக்கே இருக்கிறது.

அரசாங்க ஆஸ்பத்திரியைக் குறை சொல்லிப் பயனில்லை. 2002ஆம் ஆண்டு மனநலச் சட்டம் நல்ல சட்டம், மனுஷனை மனுஷனாக நடத்தச் சொல்கிற சட்டம். 72 மணி நேரம் வைத்துப் பார்த்து, ஆபத்து தாண்டியதும் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை என்பதுதான் பிரச்சினை.

அந்த நடுவிடத்தைக் கோயிலே நிரப்பி, சிகிச்சையும் நடத்தட்டும் என்று நான் கேட்கவில்லை. தயாராகாத இடங்களுக்கு நோயாளிகளை அனுப்பினால் என்ன ஆகும் என்று 2016இல் கௌடெங் மாகாணத்தில் பார்த்தோம், லைஃப் எசிடிமெனி என்ற மனநல இல்லங்களிலிருந்து மாற்றப்பட்டவர்களில் 144 பேர் செத்துப்போனார்கள். நான் கேட்பது இடம் மட்டும்தான். வகுப்பை நடத்தப் பயிற்சி பெற்றவர்கள் வருவார்கள். மகளின் குழுவை நடத்துகிற சைக்காலஜிஸ்டிடமும் அவரோடு இருக்கிற சமூக சேவகரிடமும் கேட்டுவிட்டேன். வாடகை இல்லாமல் இடம் கிடைத்தால், கொடுக்க முடிந்ததைக் கொடுங்கள் என்ற அளவில் நடத்த இருவரும் தயார். ஒன்றும் அபூர்வமான கருவி வேண்டியதில்லை. பன்னிரண்டு நாற்காலி, ஒரு வெள்ளைப் பலகை, கதவு சாத்தினால் வெளியே சத்தம் கேட்காத ஒரு அறை, கழிப்பறை, டீ போட ஒரு கெட்டில். எல்லாம் நம்மிடம் இருக்கிறது. நம் மண்டபம் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் பூட்டிக் கிடக்கிறது. நம் ஆட்களுக்கு மட்டும் என்றும் வைக்க வேண்டாம். பக்கத்துத் தெரு ஜூலு அம்மாவின் மகனும் வந்து உட்காரட்டும்.

குடும்பத்துக்கும் ஒரு குழு வேண்டும். இதைச் சொல்லும்போது கொஞ்சம் கெஞ்சியே கேட்கிறேன். அமெரிக்காவில் ஆலன் ஃப்ருசெட்டி, பெர்ரி ஹாஃப்மன் என்ற இருவர் உருவாக்கிய 'ஃபேமிலி கனெக்ஷன்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. 12 வாரம். பயிற்சி எடுத்த தாய்தகப்பன்மாரே மற்ற தாய்தகப்பன்மாருக்கு நடத்துவார்கள், காசு வாங்குவதில்லை. நோயைப் பற்றிய பாடம், நம் கோபத்தைக் கையாளுகிற பாடம், அப்புறம் பிள்ளையின் உணர்ச்சியை மெய் என்று ஒப்புக்கொள்கிற பாடம். கடைசிப் பாடம்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஒப்புக்கொள்வது என்றால் சம்மதிப்பது இல்லை. "அத்தை என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிட்டாங்க, நான் செத்துப்போறேன்" என்று அவள் சொன்னால், "அத்தை உன்னைக் கவனிச்சிருக்க மாட்டாங்க" என்பதுதான் உடனே என் வாயில் வரும். அது உண்மையாகவே இருந்தாலும் அந்த நேரத்தில் அவளுக்கு அது இன்னொரு அடி. "அவங்க திரும்பினது உனக்கு ரொம்ப வலிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் பக்கத்தில் உட்கார வேண்டும். அத்தையைப் பற்றிய பேச்சை அரை மணி நேரம் கழித்து எடுத்துக்கொள்ளலாம், பல நேரம் அவளே எடுப்பாள். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லப் பழக எனக்கு எட்டு மாதம் ஆனது. பக்கத்தில் இன்னொரு தாய் உட்கார்ந்து 'எங்க வீட்லயும் இப்படித்தான்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு மாதத்தில் கற்றிருப்பேன்.

குருக்கள் ஐயாமாருக்கும் அருள்வாக்கு சொல்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சாமி வருவதை நான் குறைத்துப் பேச மாட்டேன், என் மாமியாருக்கே வரும், அவர் கையால் பூசிய விபூதியில் நான் தெம்பாகியிருக்கிறேன். ஆனால் ஒரு இடத்தில், அது உங்களில் யாருடைய கோயிலும் இல்லை, மகள்மேல் ஏதோ ஏறியிருக்கிறது என்று எலுமிச்சம்பழம் சுற்றி, நாற்பது நாள் மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினோம். பன்னிரண்டாம் நாள் அவளைக் கண்விழித்துக் காவல் காக்க வேண்டியதாயிற்று. அதைவிட மோசம், தனக்குள் கெட்டது ஒன்று குடியிருக்கிறது என்று அவள் நம்பத் தொடங்கினாள். ஏற்கனவே தன்னை வெறுக்கிற பிள்ளைக்கு அந்த வார்த்தை எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். விபூதி பூசுங்கள், தலையில் கை வைத்து வாழ்த்துங்கள், கூடவே "டாக்டர் குடுத்த மாத்திரையை நிறுத்தாதேம்மா" என்றும் சொல்லுங்கள். அம்மன் சன்னதியில் நின்று நீங்கள் சொன்னால் அவர்கள் கேட்பார்கள். நான் சொன்னால் கேட்பதில்லை.

தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களே, பல பேருக்குப் பதின்ம வயதிலேயே இது முளை விடுகிறது. வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை போட்டு வருகிற பிள்ளை, ஒரு வாரம் உங்களை உலகத்திலேயே நல்ல டீச்சர் என்று சொல்லி அடுத்த வாரம் முகத்தைப் பார்க்க மறுக்கிற பிள்ளை. வகுப்பை விட்டு வெளியே அனுப்பாதீர்கள். தனியாகக் கூப்பிட்டு, பயப்படாமல் நேரடியாகக் கேளுங்கள். சாவைப் பற்றிக் கேட்டால் அந்த நினைப்பை நாமே ஊட்டிவிடுவோமோ என்று நானும் பயந்தேன். கேட்பதால் அந்த நினைப்பு வருவதில்லை, யாரோ கேட்டார்களே என்று பாரம்தான் இறங்குகிறது.

இன்னொரு சின்ன வேலை, அதற்குக் கமிட்டிக் கூட்டம்கூடத் தேவையில்லை. அன்னதான அறிவிப்பு ஒட்டுகிற பலகையில் ஒரு எண்ணை ஒட்டுங்கள்: 0800 567 567. தென்னாப்பிரிக்க மனச்சோர்வு, மனப்பதற்றக் குழுமத்தின் தற்கொலைத் தடுப்பு உதவி எண். பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்பக்கத்திலும் ஒன்று ஒட்டுங்கள். பலகைமுன் நின்று குறித்துக்கொள்ள எல்லாருக்கும் தைரியம் வராது. என் மகள் அதை முதலில் பார்த்தது ஒரு கடைத்தொகுதிக் கழிப்பறைக் கதவில்தான்.

கமிட்டியில் என்ன கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். மண்டபத்தில் ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்பீர்கள். நியாயமான கேள்வி. வருகிறவர்களை முன்கூட்டியே பார்த்துப் பேசி, யாருக்கு இது பொருந்தும் என்று முடிவு செய்வது நடத்துகிறவர்களின் வேலை. ஒவ்வொருவரும் நெருக்கடியில் யாரைக் கூப்பிடுவது, எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்று எழுதிவைத்த தாளோடுதான் குழுவில் சேர்வார்கள். இன்னொரு கேள்வி, பெயர் வெளியே போய்விடுமோ என்பது. நம் ஊரில் யார் மகள் எங்கே போனாள் என்பது மதியத்துக்குள் மூன்று வீட்டுக்குத் தெரிந்துவிடும், கல்யாணப் பேச்சு நின்றுபோகும். அதனால்தான் பலகையில் 'மனநோய்க் குழு' என்று எழுத வேண்டாம், 'செவ்வாய்க்கிழமை வகுப்பு' என்று போதும் என்கிறேன். வெட்கப்பட்டு மறைக்கவில்லை, வருகிறவர்கள் தங்களுக்கு எப்போது சொல்லத் தோன்றுகிறதோ அப்போது சொல்லிக்கொள்ளட்டும்.

இன்றைக்கு மகள் வாரத்தில் மூன்று நாள் ஒரு கடையில் கணக்கெழுதப் போகிறாள். கடைசியாக எமர்ஜென்சிக்குப் போய் ஒரு வருஷமும் நாலு மாதமும் ஆகிறது. கஷ்டமான நாட்கள் இன்னும் இருக்கின்றன. போன வாரமும் ஒரு நாள் ஐஸ் சட்டி வெளியே வந்தது.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் எனக்கு ஐந்து நிமிஷம் ஒதுக்கித் தாருங்கள். சைக்காலஜிஸ்டும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், உங்கள் கேள்விகளை அவரிடமே கேட்கலாம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மண்டபத்தைத் திறந்து, முடிந்ததும் பெருக்கிப் பூட்டி, சாவியைக் காவல்கார அண்ணாவிடம் கொடுக்கிற வேலையை நானும் வீட்டுக்காரரும் ஏற்றுக்கொள்கிறோம். வகுப்பை ஆறு மணிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று மகள் கேட்கச் சொன்னாள்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த்திலிருந்து, உங்கள் தமிழ்ப் பள்ளி டீச்சர்